ராத்திரி 3 மணிக்கு விழித்திருக்கும் தாய்மாருக்கு ஒரு சுவரொட்டி

வாசகர் கடிதம்:

மும்பை சயான் கோலிவாடாவில், 16 மாடிக் குடியிருப்பு ஒன்றின் 11ஆம் மாடியில் வசிக்கிறேன். ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அம்மா, ஐந்தாம் மாதம் முடிந்ததும் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டார்கள். கணவர் காலையில் போனால் இரவு 9 மணிக்குத்தான் வருகிறார். இந்தக் கட்டடத்தில் கைக்குழந்தையோடு இருக்கும் தமிழ்ப் பெண்கள் 25 பேராவது இருப்பார்கள். ஆனால் எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கின்றன. திருமணத்துக்கு முன் ஓராண்டு விளம்பர வடிவமைப்பு வேலை பார்த்தவள் என்பதால், கேன்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியில் ஒரு சுவரொட்டி செய்து இரண்டு லிஃப்டுகளிலும் ஒட்டினேன். "தாய்மையைக் கொண்டாடுவோம், வாருங்கள் தோழிகளே" என்பது தலைப்பு. ஞாயிறு மாலை 5 மணிக்கு சொசைட்டி அறையில் கூடலாம் என்று எழுதியிருந்தேன். இரண்டே பேர் வந்தார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றும் தொடங்கினேன். அதில் காலை வணக்கப் படங்கள் மட்டுமே வருகின்றன. சுவரொட்டியின் படத்தை இணைத்திருக்கிறேன். என் வடிவமைப்பில் என்ன தவறு? வடிவமைப்பால் தாய்மாரை ஒருவரோடு ஒருவர் பேச வைக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய சுவரொட்டியை அச்செடுத்து, என் அலுவலகக் கதவில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நிறங்கள் பொருந்தியிருக்கின்றன, வரிகள் ஒழுங்காக அமைந்திருக்கின்றன, எங்கே எப்போது என்ற விவரத்தில் குழப்பமில்லை. ஆகவே இரண்டு பேர் மட்டும் வந்ததற்கு உங்கள் கைத்திறன் காரணமல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தது ஓர் அறிவிப்பு. அறிவிப்பைப் படித்தவர் வரலாம் அல்லது வராமல் இருக்கலாம். அதற்கு மேல் அவர் செய்வதற்கு அந்தத் தாளில் எதுவும் இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை மாலையில், வீட்டில் எல்லோரும் இருக்கும் வேளையில், மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, உடை மாற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்கள் கூடும் அறைக்குள் தனியாக நுழைய வேண்டுமானால், "எனக்குப் பேச ஆளில்லை" என்று ஊரறியச் சொன்னதற்கு அது சமமாகிவிடுகிறது. அந்த ஒப்புதலை முதல் நாளே எவரிடமும் கேட்கக் கூடாது. வந்த இருவரும் மிகுந்த துணிச்சல்காரர்கள். அவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

என் தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்நகரத்து மருத்துவமனை ஒன்று, தாய்ப்பாலின் சிறப்பை விளக்கும் பெரிய சுவரொட்டி ஒன்றை என்னிடம் கேட்டது. மூன்று வாரம் உழைத்தேன். தாயும் சேயும் இருக்கும் ஓவியம், நான்கு நிற அச்சு, சட்டம் போட்ட கண்ணாடி என்று எல்லாம் சிறப்பாகவே அமைந்தன. மாட்டி இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். அதன் அடியிலிருந்த நீள பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள், படத்துக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு சொல்கூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே நடைக்கூடத்தின் மறுகோடியில், எடை போடும் மேசைக்கு மேலே, செவிலியர் ஒருவர் கட்டம் போட்ட தாளொன்றை ஒட்டி வைத்திருந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் எடை, நாளுக்கொரு புள்ளியாகப் பென்சிலால் குறிக்கப்பட்டு, புள்ளிகள் கோடுகளால் இணைக்கப்பட்டிருந்தன. அந்தத் தாளின் ஒரு மூலை கிழிந்திருந்தது. பல விரல்கள் பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி கறுத்திருந்தது. அதன் முன் நான்கு தாய்மார் நின்றிருந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையின் கோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்; பக்கத்தில் நின்றவள், "உங்க பாப்பா ரெண்டே நாள்ல 40 கிராம் ஏறியிருக்கே, என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவர்கள் இருவரும் அதற்கு முன் பேசிக்கொண்டவர்கள் அல்லர் என்பது அந்தக் குரலின் தயக்கத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து, ஒரு வடிவமைப்பை மதிப்பிடும்போது அதன் முன் நிற்பவர் தன் கையால் அதில் எதைச் சேர்க்க முடியும் என்பதையே முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வேறுபாடு நம் நாட்டுச் சுவர்களில் நீண்ட காலமாகவே இருக்கிறது. 1960களில் மத்திய அரசின் குடும்பநலத் துறையில் பணியாற்றிய தீப் தியாகியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தலைகீழான சிவப்பு முக்கோணத்தை நாம் எல்லோரும் அறிவோம். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்ற வரியோடு அது பேருந்துகளிலும் சுவர்களிலும் நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்த குறி அது. அந்த வகையில் இந்திய வரைகலையின் பெரிய சாதனைகளில் ஒன்று என்றே கருதுகிறேன். ஆனால் அது தாய்க்குச் சொன்னதே தவிர, தாயிடம் எதையும் கேட்கவில்லை. இதற்கு மாறாக, ஏறத்தாழ அதே காலத்தில், 1950களின் பிற்பகுதியில், டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தைநல மருத்துவர் நைஜீரியாவின் சிற்றூர் ஒன்றில் குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் அட்டையை உருவாக்கினார். அவர் செய்த முக்கியமான முடிவு, அந்த அட்டையை மருத்துவமனை அலமாரியில் பூட்டாமல் தாயின் கையிலேயே கொடுத்தது. இன்று உங்களிடம் இருக்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகளுக்கு நடுவே உங்கள் குழந்தையின் கோடு ஏறுகிறதே, அது அந்த மரபில் வந்ததுதான். தடுப்பூசி வரிசையில் இரண்டு பெண்கள் அட்டையை மாற்றிப் பார்த்துக்கொள்வதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் வீட்டு வாசலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. என் அம்மாவின் கோல நோட்டு இன்னும் என்னிடம் உள்ளது. "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் நிறுத்தவும்" என்று ஒரு பக்கம். அதன் ஓரத்தில் "எதிர்வீட்டு அக்கா தந்தது, நடுவில் தாமரையை நான் மாற்றினேன்" என்று வேறு மையில் ஒரு குறிப்பு. அடுத்த பக்கத்தில் முற்றிலும் வேறொருவருடைய கையெழுத்து. மார்கழிக் காலையில் ஒருத்தி கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் போகிறவள் நின்று "எத்தனை புள்ளி?" என்று கேட்பது, நலம் விசாரிப்பதற்கும் முன்னால் வரும் கேள்வி. அதைக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டாம், அறிமுகம் வேண்டாம், தன் மனக்குறையை வெளியே சொல்லவும் வேண்டாம். விடை ஒரே சொல்லில் முடியும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நோட்டு கைமாறும், நோட்டைத் திருப்பித் தர வருகிறவள் காப்பி குடித்துவிட்டுப் போவாள். 11ஆம் மாடியில் வாசல் இல்லாமல் போனதால் நீங்கள் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். சால் எனப்படும் மும்பையின் பழைய வரிசைவீட்டுக் கட்டடங்களில் பொதுத் தாழ்வாரம் இருந்தது, குழாயடி இருந்தது. அங்கே பேச்சைத் தொடங்குவதற்கு யாரும் எதையும் வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்தச் சின்னக் கேள்விக்கான இடத்தை நீங்கள் ஒரு தாளில் உண்டாக்கித் தர வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. உங்கள் அடுத்த சுவரொட்டியில் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். ஏ2 அளவுத் தாள் ஒன்றை எடுத்து, இரவு 10 மணி தொடங்கிக் காலை 6 மணி வரையிலான நேரத்தை மணிக்கு ஒன்றாக எட்டுக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரியுங்கள். மேலே கருநீலத்தில் தொடங்கி, கீழே வரவர வெளுத்து, கடைசிப் பட்டை விடிகாலையின் வெளிர்மஞ்சளில் முடியட்டும். தலைப்பில், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்சீங்க? ஒரு புள்ளி வைங்க" என்று எழுதுங்கள். அவ்வளவுதான். விலாசம் வேண்டாம், வாட்ஸ்அப் எண் வேண்டாம், தாய்மையைப் பற்றிய வாசகம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வண்ண வட்ட ஒட்டிகள் உள்ள அட்டை ஒன்றைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். எழுதுபொருள் கடையில் மலிவாகவே கிடைக்கும். கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிப் பழகிய நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பில் குழந்தை இருக்கும்போது பேனாவைத் திறந்து எழுத முடியாது, ஆனால் ஒரு புள்ளியை ஒற்றை விரலால் ஒட்டிவிட முடியும்.

பொட்டையே பயன்படுத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கோலிவாடாவிலும் தாராவியிலும் உள்ள தமிழ்த் தாய்மாரில் கிறித்தவர்களும் இசுலாமியர்களும் நிறைய இருக்கிறார்கள். கணவரை இழந்து கைக்குழந்தையோடு நிற்பவரும் ஒருவர் இருக்கக்கூடும். பொட்டு என்றதும் அவர்களில் ஒருத்திகூடத் தயங்கி ஒதுங்கக் கூடாது. வெறும் வட்டமாக இருந்தால் அது எல்லோருக்கும் பொதுவான புள்ளியாகிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள்: தவழும் குழந்தை கையில் அகப்பட்டதை வாயில் போடும். ஆகவே தாளும் ஒட்டிகளும் நின்றிருக்கும் பெண்ணின் தோள் உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

வெற்றுத் தாளில் முதல் புள்ளி வைக்க யாரும் முன்வர மாட்டார்கள். பந்தியில் முதல் இலையில் உட்காரக் கூச்சப்படுவது போலத்தான். இங்கேதான் அந்த இரண்டு துணிச்சல்காரர்களுக்கு வேலை. நீங்கள் மூவரும் முதல் நாள் இரவே உண்மையான புள்ளிகளை வைத்துவிடுங்கள். ஒரு வாரம் போகட்டும். 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே புள்ளிகள் மொய்த்துக் கிடப்பதைப் பார்க்கும் ஒருத்தி, தான் மட்டும் அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை என்பதையும், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள வீடுகளில் அதே நேரத்தில் விளக்கு எரிகிறது என்பதையும் தன் கண்ணால் காண்கிறாள். "உனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இப்படித்தான்" என்று நாம் நூறு வாசகம் எழுதினாலும் அது புத்திமதியாகவே நிற்கும். அவளும் அவள் அண்டைவீட்டாரும் சேர்ந்து வரைந்த படத்தில் அதைக் காணும்போதுதான் பக்கத்தில் லிஃப்டுக்காக நிற்பவளிடம் திரும்பி, "அந்த 3 மணிப் புள்ளி என்னோடதுதான்" என்று சொல்லத் தோன்றும்.

எங்கே ஒட்டுவது என்பது, என்ன எழுதுவது என்பதற்குச் சமமான கேள்வி. லிஃப்டின் உள்ளே ஒட்டியது பிழை. அங்கே அரை நிமிடம்தான் கிடைக்கும். ஆண்களும் முதியவர்களும் நெருக்கி நிற்கும்போது ஒரு பெண் தன் இரவைப் பற்றிய புள்ளியை அங்கே வைக்க மாட்டாள். தரைத்தளத்தில் லிஃப்டுக்காகக் காத்திருக்கும் இடம் அதைவிட மேல். பால்வாடி வாசலும், உங்கள் பகுதியின் ஹெல்த் போஸ்ட் எனப்படும் மாநகராட்சிச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்காக உட்காரும் இடமும் எல்லாவற்றிலும் மேல். தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் ஊசி போடுகிறார்கள். அதாவது ஒரே காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள், நான்கு வார இடைவெளியில் மூன்று முறை அதே பெஞ்சில் சந்திக்கிறார்கள். முதல் முறை புள்ளி வைத்தவள் இரண்டாம் முறை வரும்போது தன் பழைய தாளைச் சுவரில் பார்த்தால், அடுத்த மாதத் தாளையும் தேடுவாள். ஹெல்த் போஸ்டில் உள்ள செவிலியரிடம் அனுமதி கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் மனமுவந்து இடம் தருவார்கள் என்பது என் அனுபவம். தெருச்சுவரில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அனுமதியின்றிப் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க மகாராஷ்டிரத்தில் 1995ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சொசைட்டிக்குள் ஒட்டுவதற்கும் செயலாளரிடம் ஒரு சொல் சொல்லிவிடுவது, வாட்ச்மேன் மறுநாள் காலை அதைக் கிழித்துப் போடாமல் காக்கும்.

இனி, எழுத்தைப் பற்றி. உங்கள் சுவரொட்டியில் "தோழிகளே" என்ற சொல்லில் முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு, தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இது கேன்வாவில் நடந்திருக்காது. ஜெராக்ஸ் கடையில் நேரத்தையோ இடத்தையோ திருத்தித் தருவதாகச் சொல்லிப் பழைய போட்டோஷாப்பில் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வைச் செய்யாவிட்டால் கொம்பும் காலும் இப்படித்தான் இடம் மாறும். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்து, "எதையும் தொட வேண்டாம், அப்படியே அச்சிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சிறு பிழைதானே என்று விட்டுவிடாதீர்கள். தன் மொழியில் எழுதப்பட்ட ஒன்றை ஆவலோடு படிக்க வருபவள் தலைப்பிலேயே இடறினால், இது தனக்காக அக்கறையோடு செய்யப்படவில்லை என்று எண்ணிவிடுவாள்.

எழுத்துருவுக்கு, மும்பையிலேயே இயங்கும் எக் டைப் நிறுவனத்தார் உருவாக்கிய முக்த மலர் என்பதைப் பரிந்துரைக்கிறேன்; கட்டணமில்லாமல் கிடைக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே முக்த குடும்பத்தில் தேவநாகரி எழுத்தும் இருப்பதால், தமிழ் வரிக்குக் கீழே இந்தியிலோ மராத்தியிலோ ஒரு வரி சேர்க்கும்போது இரண்டும் ஒரே கையால் எழுதியதுபோல் இசைந்து நிற்கும். உங்கள் கட்டடத்தில் அது தேவைப்படும். மும்பையிலேயே பிறந்து இந்தி வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த பல தாய்மாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் அதற்காக வெட்கப்படும்படி நம் சுவரொட்டி அமைந்துவிடக் கூடாது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் அவர்களுடைய வழக்கத்தை நான் குறையாகக் கருதுவதில்லை. கேள்வியை அடியில் சிறிதாக அப்படியும் ஒருமுறை எழுதிவிடுங்கள். தலைப்பைப் பேச்சுத் தமிழில் வைக்கச் சொன்னதும் இதே நோக்கத்தில்தான். "தாய்மையைக் கொண்டாடுவோம்" என்பது மேடையிலிருந்து வரும் குரல், "எத்தனை மணிக்கு முழிச்சீங்க?" என்பது பக்கத்து வீட்டிலிருந்து வரும் குரல்.

எழுத்தின் அளவுக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்து 1 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். தமிழுக்கு வரிகளின் இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூட்டி விடுங்கள். "கீ"யின் மேற்சுழியும் "ழு"வின் கீழ்ச்சுழியும் முட்டிக்கொள்ளக் கூடாது. மிகத் தடித்த எழுத்தில் "ண", "ணை" போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் நடுத்தரத் தடிமன் போதும். தாளுக்குப் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். யாராவது ஓரத்தில் எதையாவது எழுத விரும்பினால் பேனா அதில் வழுக்கும். சாதாரண மேப்லித்தோ தாள் நல்லது; மழைக்காலத்தில் ஈரத்தில் சுருளாமலிருக்க ஒரு சன்போர்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் சுவரொட்டியில் வெள்ளைப் படுக்கையில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த வெளிநாட்டுத் தாயின் படத்தை எடுத்துவிடுங்கள். தலை வாராமல், பால் கறை படிந்த நைட்டியோடு லிஃப்டுக்குக் காத்திருக்கும் பச்சை உடம்புக்காரிக்கு அந்தப் படம் என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் நீங்கள் வரைந்திருக்கும் பால்புட்டிச் சின்னங்களும் வேண்டாம். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புட்டி கொடுக்க நேர்ந்தவளையும் அந்தச் சின்னம் உறுத்தும், கொடுக்காதவளையும் உறுத்தும். படம் வேண்டுமானால் சேலையில் கட்டிய தூளி ஒன்றை ஒற்றைக் கோட்டில் வரையுங்கள். மும்பையில் எத்தனை மாடி ஏறினாலும் நம் வீடுகளின் உத்தரக் கொக்கியில் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு தாள் பேச்சைத் தொடங்கிவிட்டால் அடுத்த தாளில் சற்று நீளமான விடையைக் கேட்கலாம். "பிள்ளை பெத்த முதல் மாசம் நீங்க ஆசையாச் சாப்பிட்டது என்ன?" என்று கேட்டு, கோடு போட்ட இடம் விடுங்கள். பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, பத்திய ரசம் என்று ஒவ்வொரு ஊரும் அதில் வந்து சேரும். அதைவிட முக்கியமாக, மாமியார்களும் அம்மாக்களும் அதன் முன் நின்று திருத்தம் சொல்வார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு இளந்தாய்மாரை மட்டும் திரட்ட முயல்வது நம் வீடுகளில் நடக்காத காரியம். அவர்கள் தாளைப் படித்துச் சிரித்தால், மருமகள் அடுத்த முறை கீழே இறங்கி வர அனுமதி கேட்க வேண்டியிராது. பிறகு, அவரவர் வீட்டுத் தாலாட்டிலிருந்து ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் எழுதியபடியே இருக்கட்டும், எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள்.

உரைமருந்து கொடுக்கலாமா, வசம்பு கட்டலாமா என்பன போன்ற கேள்விகளை மட்டும் சுவரில் எழுத வேண்டாம். அவை பேச்சை நிச்சயம் கிளப்பும், ஆனால் பத்துப் பேர் எழுதிய தவறான விடை ஒன்று எழுத்தில் நின்றுவிட்டால் அதை மருந்துச் சீட்டாகவே சிலர் எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பேச்சு எழும்போது ஹெல்த் போஸ்டின் செவிலியரை ஒருநாள் அழைத்துவந்து நேரில் பேசவையுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனையில்தான், 1989இல், டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தன் குழந்தைக்குப் போக மிஞ்சிய பாலை வேறொருத்தியின் குறைமாதக் குழந்தைக்கு ஒரு தாய் கொடுக்கும் ஏற்பாடு அது. உங்கள் கட்டடத்தில் அங்கே பிள்ளை பெற்றவர்கள் பலர் இருப்பார்கள். அந்தச் செவிலியரோடு பேசும் நாளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ஸ்நேஹா தொண்டு அமைப்பின் முயற்சியில் 2015இல் தாராவி பியனாலே என்ற கலைவிழா நடந்தது. உடல்நலத்தைப் பற்றிய கலைப்படைப்புகளைத் தாராவி மக்களே கலைஞர்களோடு சேர்ந்து பட்டறைகளில் செய்தார்கள். வடிவமைப்பாளர் தனியே உட்கார்ந்து முடித்துக் கொண்டுவராமல், மக்களின் கையோடு தன் கையைச் சேர்த்துச் செய்யும் வேலைக்கு அது நல்ல முன்மாதிரி.

வாட்ஸ்அப் குழுவை மூடிவிடாதீர்கள், ஆனால் அதன் வரிசையை மாற்றுங்கள். வாரக் கடைசியில் புள்ளிகள் நிறைந்த தாளைப் படமெடுத்து அதில் போடுங்கள். குழுவில் பேசுவதற்கு அப்போதுதான் பொருள் கிடைக்கும். அந்தப் படத்தைப் பெரும்பாலோர் இருட்டறையில், ஒரு கையில் குழந்தையோடு, அரைத் தூக்கத்தில்தான் பார்ப்பார்கள். வெள்ளைப் பின்னணி அந்த வேளையில் கண்ணைக் கூசவைக்கும். கருநீலப் பின்னணியில் செய்யுங்கள். குழந்தைகளின் முகங்களையும் பெண்களின் தொலைபேசி எண்களையும் எந்தத் தாளிலும் அச்சிடாதீர்கள். கூட்டம் சேர்ந்த பிறகு பால்பொடி விற்பவர்கள் அச்சுச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று வந்தால் மறுத்துவிடுங்கள். அவர்கள் தாய்மாரிடம் விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி தருவதையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. நான்கைந்து பேர் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டால் தாளுக்கான செலவு முடிந்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. புள்ளிகள் பேசத் தொடங்கினால், யாரோ ஒருத்தி, தூக்கம் கெட்டதைப் பற்றி மட்டுமல்லாமல், குழந்தையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றும் வாழவே பிடிக்கவில்லை என்றும் உங்களிடம் சொல்லக்கூடும். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் வந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. தாளின் அடி மூலையில், எந்த விளக்கமும் இல்லாமல், "மனசு கனமா இருந்தா 14416" என்று மட்டும் எப்போதும் அச்சிட்டு வையுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மா ஊருக்குப் போன பிறகான நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்து, இந்த எண் உங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தோடுதான் இதை எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தாளுக்கான கோப்பை நீங்கள் செய்து அனுப்பினால் அச்சுக்குப் போவதற்கு முன் பார்த்துத் தருகிறேன். ஒட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு அதைப் படமெடுத்து அனுப்புங்கள். யாராவது ஓரத்தில் பேனாவால் எதையாவது எழுதியிருந்தால், வாட்ச்மேனோ செயலாளரோ அழுக்காகிவிட்டது என்று சொன்னாலும் அழித்துவிடாமல், அந்தக் கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் வைத்து எடுங்கள்.